பேஸ்பால் வீரர்களிடம் நேரில் கையெழுத்து வாங்குவது: புளோரிடா பயணத்துக்கு முன் சில ஐயங்கள்

எடிசன் அப்பா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் வசிக்கிறேன். பதினொரு வயதான என் மகள் பள்ளி சாஃப்ட்பால் அணியில் விளையாடுகிறாள். நியூயார்க் யாங்கீஸ் அணி என்றால் அவளுக்கு உயிர். அந்த அணியின் ஆரன் ஜட்ஜ் 2022ஆம் ஆண்டு 62 ஹோம் ரன் அடித்ததை நேற்று நடந்ததுபோலச் சொல்லுவாள். அவளுடைய ஒரே ஆசை, ஒரு வீரர் அவள் கண்ணெதிரே ஒரு பந்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பதுதான்.

இதற்குப் பின்னால் என் தவறு ஒன்றும் உண்டு. சென்ற ஆண்டு அவள் பிறந்த நாளுக்காக இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் கையெழுத்திட்ட பந்து ஒன்றை, சான்றிதழுடன், நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மை ஒரே கனத்தில் இருப்பதையும், தோலில் பேனா அழுந்திய தடமே இல்லாததையும் காட்டினார். அது முத்திரை குத்தியது. சான்றிதழ் கொடுத்ததும் விற்றவரேதான். மகளிடம் மறைக்க மனம் வராமல் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்படியென்றால் அவர் இந்தப் பந்தைத் தொடவே இல்லையா அப்பா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

யாங்கீ ஸ்டேடியத்துக்கு இரண்டு முறை அழைத்துச் சென்றேன். எங்கள் இருக்கை மேல் தளத்தில் இருந்ததால், ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தும் கீழ்த்தளக் கம்பி வேலி அருகே நிற்க அனுமதி கிடைக்கவில்லை. இப்போது மார்ச் மாதத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு புளோரிடாவில் நடக்கும் ஸ்பிரிங் டிரெய்னிங் எனும், பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமுக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பேனா எடுத்துச் செல்ல வேண்டும், நான் கேட்பதா அவளே கேட்பதா என்பதெல்லாம் எனக்குத் தெளிவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டாம்பாவாசி

வணக்கம் ஐயா. முடிவு சரியானதுதான். உச்ச நிலையான மேஜர் லீக்கின் முப்பது அணிகளில் பதினைந்து புளோரிடாவிலும் பதினைந்து அரிசோனாவிலும் பயிற்சி எடுக்கின்றன. பிப்ரவரி நடுவில் பந்து வீசும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் முதலில் வந்து சேருவார்கள். மாதக் கடைசியில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கி மார்ச் மூன்றாம், நான்காம் வாரம் வரை நடக்கும். யாங்கீஸ் இங்கே டாம்பாவில் ஸ்டைன்பிரென்னர் ஃபீல்டில் இருக்கிறார்கள். பிராங்ஸில் உள்ள யாங்கீ ஸ்டேடியத்தில், ஏறத்தாழ 46,000 பேர் உட்காரும் இடத்தில் பார்த்த அதே ஆட்டக்காரர்களை இங்கே பதினோராயிரம் பேருக்கு நடுவே பார்க்கலாம் என்பது ஒன்றே பெரிய வேறுபாடு.

ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டங்களின் வெற்றி தோல்வி கணக்கில் சேராது என்பதால், பெயர் பெற்ற வீரர்கள் நான்கைந்து இன்னிங்ஸ் ஆடிவிட்டு வெளியேறிவிடுவார்கள். வெளியூர் மைதானங்களுக்குப் பெரும்பாலும் பயணம் செய்யவும் மாட்டார்கள். ஆகவே யாங்கீஸ் நட்சத்திரங்களைக் காண வேண்டுமானால், டாம்பாவிலேயே நடக்கும் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்குங்கள். பல முகாம் மைதானங்களில் வீரர்களின் உடைமாற்றும் அறை, ஆடுகளத்தின் பக்கவாட்டு எல்லையான ஃபவுல் கோட்டின் முடிவில், வெளிக்கள மூலையில் இருக்கும். ஆட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர் கோட்டை ஒட்டி நடந்து அந்த மூலைக்குத்தான் போயாக வேண்டும். எல்லோரும் வீரர்கள் அமரும் டகவுட் பக்கம் நெருக்கியடித்து நிற்கும்போது அந்த மூலையில் பத்துப் பதினைந்து பேர்தான் நிற்பார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் எழுந்து அங்கே போய் நின்றதால் எனக்குக் கிடைத்தவை, ஆட்டத்துக்கு முன் மணிக்கணக்கில் நின்று கிடைத்தவற்றைவிட அதிகம்.

2020ஆம் ஆண்டு முதல் எல்லா அணிகளும் தங்கள் மைதானங்களில் பாதுகாப்பு வலையை டகவுட்டுகளையும் தாண்டி நீட்டிவிட்டன. ஃபவுல் பந்து பட்டுக் குழந்தைகள் காயமடைந்த பிறகு வந்த நல்ல மாற்றம் அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலைக்குப் பின்னால் நின்று பந்தை நீட்ட முடியாது. எனவே சீட்டு வாங்கும்போதே வலை முடியும் இடத்துக்கு அப்பால், வெளிக்களத்தை ஒட்டிய முதல் சில வரிசைகளைத் தேடுங்கள். வாயில் திறக்கும் நேரத்தை அணியின் பக்கத்தில் முந்தைய நாளே பார்த்துக்கொண்டு, திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.

யாங்கீஸ் வெளியூரில் ஆடும் நாளில் வீணே அறையில் இருக்காதீர்கள். ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் முகாம் கிளியர்வாட்டரிலும், டொராண்டோ புளூ ஜேஸ் முகாம் டனீடினிலும் இருக்கின்றன. இரண்டும் காரில் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான தொலைவுதான். டெட்ராய்ட் டைகர்ஸ் 1934 முதல் பயிற்சி எடுக்கும் லேக்லேண்டும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும்.

மினசோட்டா சேகரிப்பாளர்

பேனாவும் பந்தும் பற்றி நான் சொல்கிறேன். இருபது ஆண்டுகளாகக் கையெழுத்திட்ட பந்துகளைச் சேர்த்துவருகிறேன்; முதல் ஐந்து ஆண்டுகளில் வாங்கியவற்றில் பாதி இன்று படிக்க முடியாத நிலையில் இருக்கின்றன. அத்தனையும் என் அறியாமையால் வந்த இழப்பு.

பந்துக்கு நீல நிற பால்பாயின்ட் பேனா மட்டுமே. ஷார்ப்பி போன்ற மார்க்கர் பேனா போட்ட அன்று கண்ணைப் பறிக்கும். ஆனால் பந்தின் மேல்தோல் பசுத்தோல் என்பதால் மை உள்ளே இறங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல எழுத்தின் ஓரங்கள் கசிந்து பரவிவிடும். என்னிடம் உள்ள ஒரு பந்தில் பெயரைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு மூட்டம் படிந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்ப்பதுபோல் இருக்கும். ஜெல் பேனா காய்வதற்குள் விரல் பட்டு இழுபடும். மார்க்கர் பேனாவை அட்டைக்கும் புகைப்படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதுதான் சிறந்தது. வெளிர் நிற மட்டையிலும் அது நன்றாகவே எழுதும். கறுப்பு மட்டைக்கு வெள்ளி அல்லது பொன் நிற பெயின்ட் பேனா வேண்டும்.

பால்பாயின்ட் பேனாவைப் புதிதாக வாங்கி, வேலி அருகே நிற்கும்போதே ஒரு தாளில் நான்கு சுழி சுழித்து மை ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வீரர் கையில் பேனா போன பிறகு அது எழுதவில்லை என்றால், அவர் இரண்டாம் முறை முயலும் பொறுமையோடு இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒன்றுக்கு மூன்றாக எடுத்துச் செல்லுங்கள்.

பந்து, ஆட்டத்துக்குரிய அதிகாரப்பூர்வ ராலிங்ஸ் நிறுவனப் பந்தாக இருக்கட்டும். எட்டு வடிவில் வெட்டிய இரண்டு தோல்களை 108 இரட்டைத் தையல்களால் இணைத்திருப்பார்கள். தையல் வரிசைகள் ஒன்றையொன்று மிக நெருங்கிவரும் இடங்கள் இரண்டு உண்டு. அவற்றில் அச்சு எதுவும் இல்லாத இடத்தைத்தான் ஸ்வீட் ஸ்பாட் என்கிறார்கள். ஒருவரே கையெழுத்திடும் பந்தில் அந்த இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். ஒரு அணியே கையெழுத்திடும் பந்தானால், அந்த இடத்தை மேலாளருக்கு விட்டுவைப்பது பழைய மரபு. உங்கள் மகள் பந்தை நீட்டும்போது அந்த இடம் மேலே பார்த்திருக்கட்டும், பேனாவின் மூடி கழற்றியிருக்கட்டும். சொல்லாமலேயே வீரர் அங்கே எழுதுவார்.

ஆட்டத்தில் பயன்பட்ட பந்து கையில் கிடைத்தால் அதன் மங்கலான பழுப்பைத் துடைத்துவிடாதீர்கள். புதுப் பந்தின் வழுக்கலைப் போக்க, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அதன்மேல் ஒரு சேற்றைத் தேய்ப்பார்கள். அந்தச் சேறு உங்கள் நியூ ஜெர்சியில், டெலவேர் ஆற்றுப் பக்கத்தில் எடுக்கப்படுவதுதான். பல பத்தாண்டுகளாக ஒரே மூலத்திலிருந்து எல்லா அணிகளுக்கும் போகிறது.

படிக்கும்படியான கையெழுத்தைப் பற்றிப் பேசும்போது ஹார்மன் கில்லிப்ரூவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 573 ஹோம் ரன் அடித்தவர், எங்கள் மினசோட்டா ட்வின்ஸ் அணியின் பெருமகன். 2011ஆம் ஆண்டு மறைந்தார். இளம் வீரர்கள் அவசரமாகக் கிறுக்குவதைக் கண்டால் அருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி எழுதச் சொல்லுவார். டோரி ஹண்டரும் மைக்கேல் கடையரும் அவரிடம் அப்படிப் பாடம் கேட்டவர்கள். இருவரும் பிற்காலத்தில் அதை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வாங்கிப் போகிறவர் அந்தப் பெயரைப் பல ஆண்டுகள் கழித்தும் படிக்க வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். அவருடைய கையெழுத்தைப் பாருங்கள், அச்சுக் கோத்ததுபோல் இருக்கும்.

பிரிட்ஜ்வாட்டர் ரசிகை

மேலே எழுதிய இருவரும் சொன்னவை சரியே. ஆனால் ஒரு சிறுமியின் முதல் கையெழுத்துக்காகப் புளோரிடா வரை போக வேண்டுமா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

சகோதரரே, நீங்கள் எடிசனில் இருக்கிறீர்கள். பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோவிலுக்கு எத்தனை முறை வந்திருப்பீர்கள்! அதே ஊரில்தான் சாமர்செட் பேட்ரியட்ஸ் அணியின் மைதானம் இருக்கிறது. 2021 முதல் அது யாங்கீஸின் டபுள்-ஏ அணி, அதாவது பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே இளம் வீரர்கள் ஆடும் அணி. பின்னர் யாங்கீஸுக்குப் போன ஆன்டனி வோல்ப்பி 2022இல் இங்கே ஆடினார். அடுத்த ஆண்டு தொடக்க ஆட்டத்திலேயே அவர் நியூயார்க்கின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர். ஜாசன் டொமிங்கெஸும் இங்கிருந்து போனவர்தான். இன்னும் சொல்லப்போனால், உங்கள் மகளின் ஆரன் ஜட்ஜே 2015ஆம் ஆண்டு ட்ரென்டனில் டபுள்-ஏ ஆடியவர். அந்த ஆண்டு அங்கே கம்பி வேலி ஓரத்தில் பந்தை நீட்டிய பிள்ளைகள் மணிக்கணக்கில் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

பெரிய லீக் அணிகளின் கீழ் 120 மைனர் லீக் அணிகள் ஆடுகின்றன. அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் உச்சிக்குப் போவதில்லை. ஆனால் கையெழுத்துக் கேட்டால் அவர்கள் முகத்தில் வரும் மகிழ்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாலை, இருபது வயது மதிக்கத்தக்க பிட்சர் ஒருவர் என் மகனின் பந்தை வாங்கி, எழுதுவதற்கு முன், "உன் பெயரை எப்படி எழுத வேண்டும்?" என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெயர் நீளமானது. எழுத்தெழுத்தாகக் கேட்டு, ஒன்றுகூடப் பிசகாமல் எழுதிவிட்டு, அதன் கீழேதான் தன் பெயரைப் போட்டார். நட்சத்திரம் ஒருவரிடம் அந்த நேரம் இருக்காது.

பெயர் எழுதச் சொல்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கையெழுத்து வாங்கி அன்றிரவே இணையத்தில் விற்கும் கூட்டம் ஒன்று எல்லா முகாம்களிலும் உண்டு. சிலர் குழந்தைகளின் கையில் பந்தைக் கொடுத்து முன்னால் நிறுத்துகிறார்கள். வீரர்களுக்கு அது தெரியும். பலர் ஒதுங்கிப்போவதற்கு அதுவே காரணம். ஒருவருடைய பெயர் எழுதிய பந்து சந்தையில் விலை குறையும் என்பதால், பெயர் சேர்க்கக் கேட்பவர் விற்பதற்காக வரவில்லை என்று வீரருக்கு உடனே புரிந்துவிடும். தயவுசெய்து கையில் ஒரு பந்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பையிலிருந்து ஐந்தாறு எடுத்தால் உங்களையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

கேட்பது அவளாகவே இருக்கட்டும். நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். கூட்டம் முழுவதும் வீரரின் முதற்பெயரைச் சொல்லிக் கத்தும். நம் வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாம் பிள்ளைகளை விடுவதில்லை அல்லவா, அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். மிஸ்டர் என்று சேர்த்து, தயவுசெய்து என்று ஒரு முறை தெளிவாகச் சொன்னால் போதும். கத்தும் இருபது குரல்களுக்கு நடுவே அதைத்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பந்து திரும்பி வந்ததும் நன்றி சொல்லிவிட்டு, பின்னால் நிற்கும் பிள்ளைக்கு இடம் விட வேண்டும்.

எடிசன் அப்பா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்கு மாதம் ஒரு முறையாவது வருகிறோம்; அருகில் இப்படி ஒரு மைதானம் இருப்பது தெரியாமலேயே இருந்திருக்கிறேன். ஆனால் புளோரிடாவுக்கு விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது, மகளும் நாள்களை எண்ணத் தொடங்கிவிட்டாள். போலிகளைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: நேரில் வாங்கிய கையெழுத்துக்குச் சான்று எதுவும் பெற வேண்டுமா?

மினசோட்டா சேகரிப்பாளர்

உங்கள் மகளுக்குச் சான்று தேவையில்லை, அவள் கண்ணால் பார்க்கப்போகிறாள். இருந்தாலும் இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1990களில் போலிக் கையெழுத்து வணிகம் மிகப் பெரிதாக வளர்ந்திருந்தது. சான் டியேகோவில் எஃப்.பி.ஐ. ஆபரேஷன் புல்பென் என்ற பெயரில் விசாரணை நடத்தி, ஒரு பெரிய கும்பலைப் பிடித்தது. சான் டியேகோ பாட்ரேஸ் வீரர் டோனி க்வின், தன் பெயரில் போலிகள் விற்பனைக்கு இருப்பதைக் கவனித்து முறையிட்டவர்களில் ஒருவர். பிடிபட்ட பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகள்கூட இருந்தன என்றால், வாங்குபவர்கள் எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அதன் தொடர்ச்சியாக 2001இல் மேஜர் லீக் நிர்வாகமே சான்றளிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதன் விதி எளிமையானது, கண்டிப்பானதும்கூட. பெரும்பாலும் காவல்துறையில் பணியாற்றியவர்களாக இருக்கும் சான்றளிப்பாளர் ஒருவர், கையெழுத்து இடப்படுவதை நேரில் பார்த்திருந்தால் மட்டுமே எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டப்படும். வேலி ஓரத்தில் நீங்கள் வாங்குவதற்கு அது கிடைக்காது. தனியார் சான்று நிறுவனங்களும் இருக்கின்றன. பின்னால் அனுப்பினால் எழுத்தின் ஓட்டத்தைப் பிற மாதிரிகளோடு ஒப்பிட்டுத் தங்கள் கருத்தைச் சொல்லுவார்கள். விற்கும் எண்ணம் இல்லாத உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. சீட்டையும், அவர் எழுதும்போது எடுத்த ஒரு படத்தையும் பத்திரப்படுத்துங்கள். பந்தை வெயில் படாத இடத்தில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள்; சன்னல் ஓரத்து அலமாரி வேண்டவே வேண்டாம்.

சாண்ட்லர் குடும்பத்தலைவர்

அரிசோனாவிலிருந்து ஒரு வார்த்தை. அடுத்த முறை இந்தப் பக்கம் வாருங்கள். பதினைந்து அணிகளும் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள பத்து மைதானங்களுக்குள் அடங்கிவிடுவதால், காலையில் ஒரு முகாமில் பயிற்சியைப் பார்த்துவிட்டு மதியம் வேறொரு மைதானத்தில் ஆட்டம் பார்க்கலாம். கிளென்டேலில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி பயிற்சி எடுக்கும் கேமல்பேக் ரேஞ்சில், ஒரு பயிற்சித் தளத்திலிருந்து இன்னொன்றுக்கு வீரர்கள் பார்வையாளர்களுக்குப் பக்கத்திலேயே நடந்துபோவார்கள். அந்த அணியின் நட்சத்திரம் சொஹே ஓட்டானி போகும் நாளில் அங்கே கூட்டம் தாங்காது. அப்போது பேனாவை எடுக்காமல் சும்மா நின்று பாருங்கள், அதுவே நிறைவாக இருக்கும்.

ஓய்வு பெற்ற வீரர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜூலை கடைசியில், பேஸ்பால் புகழ் மண்டபத்தில் புதியவர்களைச் சேர்க்கும் விழாவின்போது, நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் கிராமத்தின் பிரதான தெருவில் பழைய பெருமக்கள் மேசை போட்டு உட்கார்ந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுவார்கள். பணம் கொடுத்து வாங்குவதைச் சிலர் குறைவாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எதிரே நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசக் கிடைப்பது வேலி ஓரத்தில் நடக்காத காரியம். மண்டபத்தில் விற்கும், வீரரின் வெண்கலப் பலகை அச்சிட்ட அஞ்சலட்டையில் அந்த வீரரிடமே கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். அட்டையின் விலையும் மிகக் குறைவு.

எடிசன் அப்பா

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நடந்ததை எழுதாவிட்டால் நன்றி கெட்டவனாவேன்.

ஜட்ஜை முப்பதடி தொலைவில் பார்த்தாள், கையெழுத்துக் கிடைக்கவில்லை. அவர் விடுவிக்கப்பட்டு வந்தபோது மூலையில் எங்களுக்கு முன்பே நாற்பது பேர் இருந்தார்கள். அவர் முதல் சிலருக்கு எழுதிவிட்டு உள்ளே போனார். மகள் வருத்தப்பட்டாள்தான், ஆனால் நகரவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் முதுகில் எண்பதுகளில் எண் போட்ட பிட்சர் ஒருவர் தனியாக வந்தார். சுற்றிலும் யாருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. இவளுக்கும் தெரியாததால், கற்றுக்கொடுத்தபடி மிஸ்டர் என்று தொடங்கி, அதற்குமேல் சொல்லப் பெயரில்லாமல் நிறுத்திவிட்டாள். அவர் திரும்பி வந்தார். பந்தை வாங்கும்போது அவர் விரல்களில் பிடி வழுக்காமல் இருக்கப் பூசும் ரோசின் பொடி வெள்ளையாக ஒட்டியிருந்தது. இவள் பெயரைக் கேட்டு எழுதினார், பிறகு தன் பெயரைப் போட்டார். தையலுக்குப் பக்கத்தில் அந்தப் பொடியின் பெருவிரல் தடம் ஒன்று இன்னும் இருக்கிறது. அதைத் துடைக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

கையெழுத்தில் முதல் எழுத்தைத் தவிர எதுவும் புரியவில்லை. கில்லிப்ரூ பார்த்திருந்தால் அருகில் உட்கார வைத்திருப்பார். நல்ல வேளையாக, மகள் சீட்டின் பின்புறம் அவருடைய சீருடை எண்ணைக் குறித்திருந்தாள். அன்றிரவு ஹோட்டல் அறையில் முகாம் வீரர் பட்டியலோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்தோம். அவர் இந்தப் பருவத்தைப் பெரிய லீக்குக்கு ஒரு படி கீழான ட்ரிபிள்-ஏ அணியில், பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் பக்கம் தொடங்குகிறார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். இந்த முறை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதற்காக, அதன் உச்சரிப்பை ஆட்ட வர்ணனைகளில் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு சின்ன ஐயம்: அவர் பெயரையும் தேதியையும் பந்திலேயே ஓரமாக நான் எழுதிவைக்கலாமா?

மினசோட்டா சேகரிப்பாளர்

வேண்டாம் ஐயா. பந்தில் அவர் எழுதியது மட்டும் இருக்கட்டும். ஒரு சிறு அட்டையில் அவர் பெயர், எண், தேதி, மைதானம் ஆகியவற்றை உங்கள் மகளின் கையால் எழுதச் சொல்லி, பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள்.